அப்ளிகேஷனுக்கு ஒரு முகூர்த்தம்

நம் வீடுகளில் எந்தக் காரியத்துக்கும் நாள் பார்ப்பது வழக்கம். பெண்ணுக்கு மூக்குக் குத்துவதற்கு ஒரு நாள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு ஒரு நாள், புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு ஒரு நாள். இத்தனையும் பஞ்சாங்கத்தில் இருக்கின்றன. பஞ்சாங்கத்தில் இல்லாத ஒரு முகூர்த்தம் இப்போது பல வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. நவம்பர் முதல் தேதி!

பிளஸ் டூ படிக்கும் பெண்ணோ பிள்ளையோ இருந்து, "நான் அமெரிக்காவில் பிஸினஸ் படிக்கப் போகிறேன்" என்று அந்தக் குழந்தை சொல்லிவிட்டால் போதும். நவராத்திரிச் சுண்டலுக்கும் தீபாவளிப் பட்சணத்துக்கும் நடுவே இந்தத் தேதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. பேச்சு இப்படித்தான் ஆரம்பமாகும்:

"அம்மா, நவம்பர் ஒண்ணாந் தேதிக்குள்ளே அப்ளிகேஷன் போட்டாகணும்."

"ஏண்டி, காலேஜ் திறக்கிறது அடுத்த ஆகஸ்டிலே என்றாயே? இப்போ என்ன அவசரம்?"

"உனக்குப் புரியாதும்மா. 'எர்லி டிஸிஷ'னிலே போட்டால்தான் சான்ஸ் அதிகம். எல்லாரும் அதிலேதான் போடறாங்க. நீயோ அப்பாவோ அதிலே ஒரு கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதானா? பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில் போடுகிற கையெழுத்தா இது? இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். "உனக்குப் புரியாது" என்று பெண் சொன்னாலும், நமக்குப் புரியாத விஷயம் இதில் ஒன்றுமே இல்லை. சொல்லப் போனால், நம்மைவிட நன்றாக இதைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் யாரும் இருக்க முடியாது. ஏன் என்று பாருங்கள்.

மூன்று வகைச் சம்பந்தம்

பிலடெல்பியா நகரத்தில் பென்சில்வேனியா சர்வகலாசாலை இருக்கிறது. அதைச் சேர்ந்த வார்ட்டன் பள்ளி, 1881-ஆம் ஆண்டில் ஜோஸப் வார்ட்டன் என்ற தொழிலதிபர் கொடுத்த பணத்தில் ஆரம்பித்தது. வியாபாரத்தையும் ஒரு படிப்பாகச் சர்வகலாசாலைக்குள் கொண்டுவந்த முதல் பள்ளி அமெரிக்காவில் அதுதான். பிஸினஸ் படிக்க ஆசைப்படும் குழந்தைகள் வாயில் முதலில் வருகிற பெயரும் பெரும்பாலும் அதுதான்.

அங்கே சேர விண்ணப்பிக்க இரண்டு தவணைகள். முதல் தவணைக்குக் கடைசி நாள் நவம்பர் 1. முடிவு டிசம்பர் நடுவில் தெரிந்துவிடும். இரண்டாவது தவணைக்குக் கடைசி நாள் ஜனவரி 5. முடிவு மார்ச் கடைசியில்தான் வரும். முதல் தவணைக்குத்தான் 'எர்லி டிஸிஷன்' என்று பெயர். இடம் கிடைத்தால் கட்டாயம் அங்கேதான் சேருவேன், மற்ற இடங்களுக்கு அனுப்பிய விண்ணப்பங்களையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்வேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போடுகிற விண்ணப்பம் அது. மாணவி ஒரு கையெழுத்து, பெற்றோரில் ஒருவர் ஒரு கையெழுத்து, பள்ளிக்கூடத்தின் சார்பில் ஒரு கையெழுத்து - ஆக மூன்று. இந்த வாக்கை ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் கொடுக்கலாம்.

இப்போது புரிகிறதா? இது நிச்சயதாம்பூலம்! தட்டு மாற்றிக்கொண்ட பிறகு வேறு ஜாதகம் பார்ப்பது அழகல்ல.

இன்னொரு வகை 'எர்லி ஆக்ஷன்'. அதிலும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். முன்கூட்டியே பதில் வரும். ஆனால் சேர்ந்துதான் ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை. மிச்சிகன் சர்வகலாசாலையின் ராஸ் பள்ளிக்கு இப்படிப் போடலாம். அதற்கும் நவம்பர் 1 தான் கெடு. இது ஜாதகப் பரிவர்த்தனை மாதிரி. பிடித்தால் மேலே பேசலாம்; பிடிக்காவிட்டால் வருத்தமில்லாமல் விலகிக்கொள்ளலாம்.

மூன்றாவது, சாதாரணத் தவணை. எல்லாருடனும் சேர்ந்து ஜனவரியில் விண்ணப்பித்து, மார்ச், ஏப்ரலில் வருகிற பதில்களையெல்லாம் மேஜைமேல் பரப்பிவைத்து, மே முதல் தேதிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. சுயம்வரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இவற்றைத் தவிர, நியூயார்க் சர்வகலாசாலை போன்ற சில இடங்களில் நிச்சயதாம்பூலத்துக்கே இரண்டு முகூர்த்தங்கள் உண்டு. அங்கே ஸ்டெர்ன் பிஸினஸ் பள்ளிக்கு நவம்பர் 1-ஐ விட்டவர்கள் ஜனவரி 1-ஆம் தேதிக்குள் அதே வாக்கைக் கொடுக்கலாம். கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்து ஹாஸ் பள்ளிக்கோ முன் தவணை, பின் தவணை என்ற பேச்சே இல்லை. எல்லாருக்கும் நவம்பர் மாதக் கடைசியோடு கெடு முடிகிறது. பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையில் விண்ணப்பங்கள் வர வர முடிவு சொல்லிக்கொண்டே போகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் செப்டம்பரில் போடுகிறவருக்கு ஜனவரியில் போடுகிறவரைவிட இடம் தாராளமாக இருக்கும். ஆகவே, "அமெரிக்காவிலே எல்லாம் நவம்பர் ஒண்ணு" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கல்லூரிக்குக் கல்லூரி வேறு.

முந்தினால் உண்மையிலேயே லாபமா?

பெண் சொன்ன 'சான்ஸ்' விஷயத்துக்கு வருவோம். அவள் சொல்வது பொய்யல்ல. 2021-இல் பென்சில்வேனியாவில் சேர்ந்த வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தவணையில் விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இடம் கிடைத்தது. இரண்டு தவணைகளையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு ஆறு பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை. வகுப்பில் ஏறக்குறையப் பாதி இடங்கள் டிசம்பரிலேயே நிரம்பிவிடுகின்றன. அதைப் பார்த்தால் யாருக்குத்தான் பதற்றம் வராது?

கல்லூரி ஏன் இப்படிச் செய்கிறது? அதற்கும் ஒரு கவலை உண்டு. ஒரே மாணவி பத்து இடங்களில் விண்ணப்பிக்கிறாள், ஐந்து இடங்களில் கூப்பிடுகிறார்கள், ஓரிடத்தில்தான் சேரப்போகிறாள். மற்ற நாலு கல்லூரிகளும் யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். பந்திக்கு இலை போடுகிறவர்களின் சங்கடம் அது. 'நிச்சயம் வருகிறேன்' என்று சொல்கிறவளுக்கு முதல் பந்தியில் இலை போடுவதில் ஆச்சரியம் என்ன?

ஆனால் அந்தப் பதினைந்தையும் ஆறையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சரியல்ல. முதல் தவணையில் விண்ணப்பிப்பவர்கள் யார்? விளையாட்டுக்காகக் கல்லூரியே முன்கூட்டிப் பேசிவைத்திருக்கும் வீரர்கள். அதே கல்லூரியில் படித்தவர்களின் குழந்தைகள். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தயார் செய்யப்பட்டவர்கள். இவர்களெல்லாம் அந்த வரிசையில் நிற்பதால் கணக்கு உயர்ந்து காட்டுகிறது.

இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் என்ன மிஞ்சும்? 2003-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மூவர் 'தி எர்லி அட்மிஷன்ஸ் கேம்' என்ற புத்தகத்தில் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். முன்கூட்டி விண்ணப்பிப்பது, எஸ்.ஏ.டி. பரீட்சையில் சுமார் 100 மார்க் கூட வாங்கியதற்குச் சமம் என்று கண்டார்கள். எஸ்.ஏ.டி.க்கு இன்று மொத்த மார்க் 1600. நூறு மார்க் என்பது அற்பமல்ல. ஆனால் தகுதியில் வெகுதூரம் பின்தங்கியிருப்பவளைத் தூக்கி உள்ளே போட அது போதாது. வாசலில் நிற்பவளை உள்ளே வரச் சொல்லும். தெருக்கோடியில் நிற்பவளைக் கூப்பிடாது.

அந்தக் கையெழுத்தின் விலை

லாபம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதற்குக் கொடுக்கும் விலை என்ன? இங்கேதான் அம்மாமார்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

பென்சில்வேனியாவில் கட்டணம், அறை, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்து ஒரு வருஷத்துக்கு ஆகும் செலவு 90,000 டாலருக்கு மேல். நம் பணத்தில் 75 லட்சம் ரூபாய்க்கும் அதிகம். படிப்பு நாலு வருஷம். 3 கோடி ரூபாய் என்று சொல்லிக்கொண்டு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

இவ்வளவையும் கைக்காசிலிருந்து கொடுக்கக்கூடிய குடும்பம் என்றால் யோசனையே வேண்டாம். பெண்ணுக்கு அந்தக் கல்லூரிதான் என்று மனசு நிலைத்துவிட்டதா என்று மட்டும் பார்த்தால் போதும். நம்மில் பெரும்பாலோர் அப்படியல்லவே! உதவிப் பணம் கேட்கத்தான் வேண்டியிருக்கும். கேட்பதில் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, அமெரிக்கப் பிரஜைகள் விஷயத்தில் பணத் தேவையைப் பார்க்காமலே இடம் கொடுக்கும் இந்தச் சர்வகலாசாலை, இந்தியாவிலிருந்து உதவி கேட்டு விண்ணப்பிப்பவர்கள் விஷயத்தில் அந்தத் தேவையையும் சேர்த்தே சீர்தூக்கிப் பார்க்கிறது. "அப்படியானால் இப்போது கேட்காமல் இருந்துவிட்டு, சேர்ந்த பிறகு கேட்கலாமே" என்று யாராவது யுக்தி சொல்வார்கள். வேண்டாம். விண்ணப்பிக்கும்போது கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பிற்பாடு அந்தக் கதவு திறப்பது அபூர்வம்.

இரண்டாவது, இடம் கொடுத்துவிட்டால் 'தேவை முழுவதையும்' கொடுப்பதாகக் கல்லூரி சொல்கிறது. நல்ல வார்த்தைதான். ஆனால் அந்தத் தேவையைக் கணக்கிடுவது யார்? கல்லூரி! நம் சம்பளம், வீடு, சேமிப்பு எல்லாவற்றையும் பார்த்து, "நீங்கள் இவ்வளவு கொடுக்க முடியும்" என்று அவர்கள் சொல்லும் தொகையும், மாதக் கடைசியில் நம் டிராயரைத் திறந்து பார்த்தால் தெரியும் தொகையும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியமில்லை. கல்யாணத்துக்கென்று ஒதுக்கியதும் அவர்கள் கண்ணில் சேமிப்புத்தான்.

மூன்றாவது, கொடுக்கிற உதவி போதாவிட்டால், வாக்கிலிருந்து விடுவித்துக்கொள்ள வழி இருக்கிறது. ஒப்பந்தத்திலேயே அது எழுதியிருக்கிறது. உதவி கேட்டு விண்ணப்பித்து, கிடைத்த தொகையில் படிக்க முடியாது என்றால் மறுத்துவிடலாம். ஆனால் அந்தச் சலுகை, உதவி கேட்டவருக்குத்தான். கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இவ்வளவு ஆகும் என்று தெரியாது" என்று சொல்வது எடுபடாது.

முக்கியமான நஷ்டம் வேறொன்று. வாக்குக் கொடுத்தவளுக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமை போய்விடுகிறது. ஒரு கல்லூரி பாதிச் செலவை ஏற்கிறேன் என்கிறது. இன்னொன்று முக்கால் பங்கை ஏற்கிறேன் என்கிறது. எது மேல் என்று உட்கார்ந்து யோசிப்பது ஏப்ரலில்தான் முடியும். டிசம்பரில் கையில் இருப்பது ஒரே ஒரு கடிதம். நாலு கடை ஏறி இறங்காமல் புடைவை எடுக்கிற வழக்கம் நமக்கு உண்டா?

வசதியுள்ளவர்களுக்குத்தான் இந்த முறை சாதகம் என்ற குறை அமெரிக்காவிலேயே நெடுநாளாக இருக்கிறது. 2006-ஆம் ஆண்டில் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் முன்தவணையே வேண்டாமென்று நிறுத்தப் போவதாக அறிவித்தன. மற்றவர்களும் பின்தொடர்வார்கள் என்று எதிர்பார்த்தார்கள். பெரும்பாலோர் தொடரவில்லை. 2011-இல் இரண்டும் மறுபடி கட்டாயமில்லாத ஒரு முன்தவணையை ஏற்படுத்திக்கொண்டன. ஊரோடு ஒத்து வாழ் என்பது சர்வகலாசாலைகளுக்கும் பொருந்தும் போலிருக்கிறது!

நம் பள்ளிக்கூடக் காலண்டர்

பணம் ஒருபுறம் இருக்கட்டும். நம் ஊர்க் குழந்தைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பிளஸ் டூ பரீட்சை முடிவு வருவது மே மாதத்தில். நவம்பரில் விண்ணப்பம் பார்க்கிறவர்களுக்குக் கையில் இருப்பவை ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் ஒன் வரை வாங்கிய மார்க்குகளும், 'இந்தப் பெண் இவ்வளவு வாங்குவாள்' என்று பள்ளிக்கூடத்தார் எழுதிக் கொடுக்கும் மதிப்பீடும்தான்.

பிளஸ் ஒன்னில் நன்றாகப் படித்தவளுக்கு நவம்பர் சௌகரியம். பிளஸ் ஒன்னில் சற்றுத் தடுமாறி, இப்போது சுதாரித்துக்கொண்டு முன்னேறுகிற பெண்ணுக்கோ, டிசம்பர் அரைப் பரீட்சை மார்க்கையும் சேர்த்துக் காட்டக்கூடிய ஜனவரித் தவணைதான் நல்லது. அவளை நவம்பரில் போடச் சொல்வது, குழம்பு கொதிப்பதற்குள் இறக்கிவைப்பது போல. முதல் தவணையில் 'இல்லை' என்று வந்துவிட்டால், அதே வருஷம் இரண்டாவது தவணையில் அதே கல்லூரிக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்பதையும் மறக்கக் கூடாது.

மறுபக்கமும் உண்டு. ஜனவரி 5 என்பது அரைப் பரீட்சைக்கும் பொதுப் பரீட்சைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தேதி. பத்துக் கல்லூரிகளுக்குப் பத்துக் கட்டுரை எழுதிக்கொண்டே கணக்குப்பதிவியலும் படிக்க வேண்டும். டிசம்பரில் ஓரிடம் கிடைத்துவிட்டால் நிம்மதியாகப் பரீட்சைக்குப் படிக்கலாம். அந்த நிம்மதிக்கும் ஒரு மதிப்பு உண்டு.

நவம்பர் என்று தீர்மானித்தால், வேலை தொடங்கவேண்டியது அக்டோபரில் அல்ல; ஜூனில். சிபாரிசுக் கடிதம் எழுதித் தரும் ஆசிரியரிடம் பள்ளிக்கூடம் திறந்தவுடனேயே பணிவாகச் சொல்லிவைக்க வேண்டும். கடைசி வாரத்தில் கேட்டால், எல்லாருக்கும் எழுதுகிற நாலு வரியைத்தான் எழுதித் தருவார். பென்சில்வேனியா இப்போது எஸ்.ஏ.டி. அல்லது ஏ.ஸி.டி. மார்க்கைக் கட்டாயமாகக் கேட்கிறது. ஆகஸ்டில் ஒரு தடவை எழுதினால், தேவைப்பட்டால் அக்டோபரில் இன்னொரு தடவை எழுத அவகாசம் இருக்கும். உதவிப் பணத்துக்கான 'ஸி.எஸ்.எஸ். புரொபைல்' படிவம் அக்டோபர் முதல் தேதி திறக்கிறது. அதற்கு வருமான வரிக் காகிதங்களும் பாங்குக் கணக்குகளும் வேண்டும். அவை வீட்டில் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று அப்பாவுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

ஒரு ஆறுதலான விஷயம்: இப்படித் தவணை வைத்திருக்கும் கல்லூரிகளில், கெடுவுக்குள் என்றைக்கு அனுப்பினாலும் ஒன்றுதான். அக்டோபர் 10-ஆம் தேதி அனுப்பியவளுக்குத் தனி மரியாதை இல்லை. அதற்காகக் கடைசி ராத்திரி வரை காத்திருக்கவும் வேண்டாம். மின்சாரம் போவதும் இணையம் நிற்பதும் அன்றைக்கென்று நேரும்.

"ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்"

டிசம்பரில் வரும் பதில் எப்போதும் 'உண்டு', 'இல்லை' என்றே இருக்காது. மூன்றாவதாக ஒரு பதிலும் உண்டு: 'ஒத்திவைத்திருக்கிறோம்'. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று சொல்வார்களே, அதுதான். அப்படி வந்தால் விண்ணப்பம் ஜனவரிக் கூட்டத்தோடு சேர்த்து மறுபடி பார்க்கப்படும். பெண் கொடுத்த வாக்கும் அன்றோடு ரத்தாகிவிடும். மார்ச்சில் கூப்பிட்டால் போகலாம், போகாமலும் இருக்கலாம்.

ஆகையால் ஒரு யோசனை. நவம்பரில் ஒன்றை அனுப்பிவிட்டு மற்ற விண்ணப்பங்களை மறந்துவிடாதீர்கள். டிசம்பர் நடுவில் ஏமாற்றம் வந்தால், ஜனவரிக்கு இரண்டே வாரந்தான் மிச்சம். அழுகிற குழந்தையைத் தேற்றுவதா, புதிதாகக் கட்டுரை எழுதச் சொல்வதா? அவை முன்பே தயாராக இருக்கட்டும். வேண்டியிராவிட்டால் கிழித்துப் போடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

"கிடைத்த பிறகு வேண்டாம் என்றால் என்ன, போலீஸா வரப்போகிறது?" என்று கேட்கிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். போலீஸ் வராதுதான். ஆனால் அதில் பள்ளிக்கூடத்தின் கையெழுத்தும் இருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்தின் பேச்சுக்கு அடுத்த வருஷம் கல்லூரியில் மதிப்புக் குறைந்தால், கஷ்டப்படப் போவது அடுத்த வருஷம் அதே பெஞ்சில் உட்காரும் வேறொரு வீட்டுப் பெண்.

ஆகவே, கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்விகளை வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஒன்று, மற்ற எல்லா இடங்களும் கூப்பிட்டாலும் இவள் இங்கேதான் போவாளா? இரண்டு, கல்லூரி எவ்வளவு கொடுத்தால் நம்மால் சமாளிக்க முடியும் என்ற தொகையைக் காகிதத்தில் எழுதிவிட்டோமா? மூன்று, இன்றைக்குக் கையில் இருக்கிற மார்க் இவளுடைய நல்ல மார்க்தானா, இன்னும் நன்றாக வரப்போகிறதா?

மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால், நவம்பர் முதல் தேதி உங்களுக்கு நல்ல நாள். ஒன்றில் தயக்கம் இருந்தாலும் கட்டாயமில்லாத முன்தவணை இருக்கிறது, ஜனவரி இருக்கிறது. தோழிகளெல்லாம் போடுகிறார்கள் என்பதற்காக மட்டும் பேனாவை எடுக்க வேண்டாம். தோழிகளின் வீட்டுக் கணக்குப் புத்தகம் வேறு, நம் வீட்டுக் கணக்குப் புத்தகம் வேறு. அது பெண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தப் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். பிஸினஸ் படிக்க ஆசைப்படுகிறவள்தானே? முதல் பாடம் அங்கேயே ஆரம்பமாகட்டும்.